பி.எஸ். கணக்கும் பிக்கப் குறையும்

2023 செப்டம்பரில் இரண்டு 400 சி.சி. வண்டிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. ஒன்று கே.டி.எம். 390 டியூக்கின் புதிய தலைமுறை. இன்னொன்று கவாசாகி நிஞ்சா இசட்.எக்ஸ்-4ஆர். கொள்ளளவு இரண்டிலும் ஏறக்குறைய 399 சி.சி. டார்க் இரண்டிலும் 39 நியூட்டன் மீட்டர். ஆனால் பவர் டியூக்கில் 46 பி.எஸ்., நிஞ்சாவில் 77 பி.எஸ். விலையில் பள்ளம் இன்னும் பெரிது. வந்தபோது டியூக் மூன்று லட்சத்துச் சொச்சம், நிஞ்சா எட்டரை லட்சம்.

டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் "கவாசாகிக்காரன் ஏதோ மாயம் பண்றான்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். மாயமெல்லாம் ஒன்றுமில்லை, ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,023ஆல் வகுத்தால் பி.எஸ். வந்துவிடும். மனக்கணக்குக்கு 7,000 போதும். டியூக் தன் 39 நியூட்டன் மீட்டரை 6,500 ஆர்.பி.எம்.மில் தருகிறது. அந்த இடத்தில் அதன் பவர் 36 பி.எஸ். நிஞ்சா அதே 39-ஐ 13,000 ஆர்.பி.எம்.மில் தருகிறது. சுழற்சி இரண்டு மடங்கு, அதனால் பவரும் இரண்டு மடங்கு: 72. சைக்கிளில் ஒரே அழுத்தத்தோடு மிதிக்கிற இருவரில், இரண்டு மடங்கு வேகமாகக் காலைச் சுற்றுகிறவன் இரண்டு மடங்கு வேலை செய்கிறான் இல்லையா, அதே கதைதான்.

சரி, டியூக்கையும் 13,000-க்கு விரட்ட வேண்டியதுதானே? முடியாது. டியூக்கில் 89 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே ஒரு பிஸ்டன், ஒவ்வொரு சுற்றுக்கும் 64 மில்லிமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். நிஞ்சாவில் 57 மில்லிமீட்டர் பிஸ்டன்கள் நான்கு, ஓட்டம் வெறும் 39.1 மில்லிமீட்டர். இரண்டையும் அதனதன் உச்ச பவரில் வைத்து பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டியூக்கில் 8,500 ஆர்.பி.எம்.மில் நொடிக்குச் சுமார் 18 மீட்டர். நிஞ்சாவில் 14,500-இல் சுமார் 19 மீட்டர். காது கிழிகிற மாதிரி கத்துகிற வண்டியின் பிஸ்டனும், தடதடவென்று போகிற வண்டியின் பிஸ்டனும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த எட்டரை லட்சத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது: நான்கு சின்ன பிஸ்டன், பதினாறு வால்வு, அத்தனையையும் அந்தச் சுழற்சியில் உடையாமல் ஓட வைக்கிற வேலைப்பாடு.

இப்போது மூன்றாவதாக ஒரு வண்டியைப் பக்கத்தில் நிறுத்துவோம். நம் ஊரில் செய்கிற ராயல் என்ஃபீல்ட் கான்டினென்டல் ஜி.டி. 650. இதன் பவர் 47 பி.எஸ். சொச்சம். டியூக்குக்கும் இதற்கும் காகிதத்தில் ஒன்றரை பி.எஸ். வித்தியாசம். ஆனால் டார்க் 52 நியூட்டன் மீட்டர், அதுவும் ஐயாயிரத்துச் சொச்சம் ஆர்.பி.எம்.மிலேயே. முந்தைய ஜோடியில் டார்க் ஒன்று, பவர் வேறு. இந்த ஜோடியில் பவர் ஒன்று, டார்க் வேறு. ஜி.எஸ்.டி. சாலையில் டாப் கியரில் எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு ஆம்னி பஸ் மறிக்கிறது என்று வையுங்கள். 650-இல் ஆக்சிலரேட்டரைத் திருகினால் போதும், தாண்டிவிடலாம். டியூக்கில் ஒன்றோ இரண்டோ கியர் குறைத்து முள்ளை ஏழாயிரத்துக்கு மேலே ஏற்றினால், 650-ஐ விட முப்பது, நாற்பது கிலோ குறைவான வண்டி என்பதால், அதே பஸ்ஸை இன்னும் விறுவிறுப்பாகத் தாண்டலாம். எது நல்ல வண்டி என்பது கியர் லிவரோடு உங்கள் இடது காலுக்கு இருக்கிற உறவைப் பொறுத்தது.

இதனால்தான் உச்ச பி.எஸ். எண்ணை மட்டும் வைத்து வண்டியை எடை போடுவது எனக்கு ஒப்பாது. அந்த எண் எஞ்சின் எவ்வளவு தரும் என்று சொல்கிறது, எங்கே தரும் என்று சொல்வதில்லை. யமஹா ஆர்15-ஐப் பாருங்கள். 2008-இல் வந்த முதல் ஆர்15: 17 பி.எஸ்., 15 நியூட்டன் மீட்டர். இப்போதைய நான்காம் பதிப்பு: 18.4 பி.எஸ்., 14.2 நியூட்டன் மீட்டர். பவர் ஏறியிருக்கிறது, உச்ச டார்க் இறங்கியிருக்கிறது. ஏறிய பவர் மேலே, 10,000 ஆர்.பி.எம்.மில் உட்கார்ந்திருக்கிறது. கீழே இருப்பவர்களும் பட்டினி கிடக்கக் கூடாது என்றுதான் இன்டேக் வால்வுக்கு இரண்டு கேம் முகம் வைத்து, 7,400 ஆர்.பி.எம்.மில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிற வி.வி.ஏ. ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். மாறும்போது மீட்டரில் வி.வி.ஏ. என்ற எழுத்து தெரியும். அந்த எழுத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் இரண்டு வருடம் வண்டி ஓட்டிவிட்டு "பிக்கப் பத்தல" என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். வேளச்சேரியிலிருந்து கிண்டி வரைக்கும் ஆபீஸ் போய் வருகிறவர் அதை எங்கே பார்ப்பார், பாவம்.

பவர் எண்ணுக்காக மண்டை உடைத்துக்கொள்வது இன்று நேற்று வந்ததல்ல. எண்பதுகளில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத் 350, அதாவது நம்ம ஊர் ஆர்.டி.350, இரண்டு வகையில் வந்தது. எச்.டி. என்றால் ஹை டார்க், 30.5 குதிரைத்திறன். எல்.டி. என்றால் லோ டார்க், 27. ஜப்பானில் பிறந்த மூல வண்டிக்கு 39. இங்கே பெட்ரோல் குடிக்கிறது என்று புலம்பினார்கள், அதனால் எஞ்சின் மூச்சை இழுத்துப் பிடித்து முதலில் 30.5 ஆக்கினார்கள், அப்புறம் 27 ஆக்கினார்கள். மைலேஜ் என்ற ஒரு சொல்லுக்கு 12 குதிரை பலி. அந்தப் பன்னிரண்டைத் திரும்பப் பிடிப்பதுதான் அடுத்த முப்பது வருடம் பல பட்டறைகளின் முழுநேர வேலை. இன்றைக்கும் பழைய வண்டி விலை பேசும்போது வருகிற முதல் கேள்வி "எச்.டி.யா, எல்.டி.யா?" என்பதுதான்.

கேட்டலாக் எண்களை ஒப்பிடும்போது இன்னும் இரண்டு மூன்று பொறி இருக்கிறது. ஒன்று அலகு. 100 பி.எஸ். என்பது 98.6 பி.எச்.பி. சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஒரு கம்பெனி பி.எஸ்.ஸிலும் இன்னொன்று பி.எச்.பி.யிலும் போட்டிருக்கும்போது, அரை குதிரைக்கு அடித்துக்கொள்கிறவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். இரண்டாவது, அந்த எண் கிராங்க்கில் அளந்தது. கியர்பாக்ஸ், செயின், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு பின் சக்கரத்துக்கு வருவது பத்து முதல் பதினைந்து சதவீதம் குறைவு. டைனோவில் ஏற்றி "கம்பெனிக்காரன் 34 சொன்னான், 29தான் வருது, ஏமாத்திட்டான்" என்று கொதிப்பதில் அர்த்தமில்லை. ஒரு டைனோவின் எண்ணை இன்னொரு டைனோவின் எண்ணோடு ஒப்பிடுவதிலும் அர்த்தமில்லை. ஒரே டைனோ, ஒரே வண்டி, ஒரே நாள், முன்பும் பின்பும். அதற்குத்தான் அந்த இயந்திரம்.

மூன்றாவது காற்று. இருபது டிகிரி காற்றை விட நாற்பது டிகிரி காற்றின் அடர்த்தி ஆறேழு சதவீதம் குறைவு. விடியற்காலை ஈ.சி.ஆரில் வண்டி துள்ளுவதும், அதே வண்டி மதியம் சோம்பிப் போவதும் பிரமை இல்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே எஞ்சினுக்குக் கிடைக்கிற காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பவரும் அதே கணக்கில் போகும். ஓசூரில் செய்கிற டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர்.310-க்கு முதலில் 34 பி.எஸ். இருந்தது, 2024-இல் 38 ஆக்கினார்கள். 2020 மாடலில் மழை மோடு போட்டால் 25.8 பி.எஸ்.தான் கிடைக்கும். அந்த 34 பி.எஸ். வண்டியை ஊட்டிக்கு ஓட்டிப் போனால் ஸ்போர்ட் மோடிலேயே 27-க்குப் பக்கத்தில் வந்துவிடும். மலை ஏறினால் இயற்கையே மழை மோடு போட்டுவிடுகிறது.

எண்கள் போதும். இனி குறைகளுக்கு வருவோம். எனக்கு வருகிற மெயில்களில் முக்கால்வாசி இந்த வகைதான்: "அண்ணா, நாலாயிரத்துல ஒரு பள்ளம் விழுது", "ஸ்லோ ஸ்பீடுல ஜெர்க் அடிக்குது", "சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுது", "ஆக்சிலரேட்டரை விட்டா சைலன்சர்ல பட்டாசு வெடிக்குது". கூடவே ஒரு வால்: "எந்த டியூனிங் பெட்டி வாங்கலாம்?"

என் பதில் எப்போதும் ஒன்றுதான். பெட்டி கடைசி. வண்டி கம்பெனியிலிருந்து வந்த நிலையில் சரியாக ஓடுகிறதா என்று உறுதி செய்யாமல் அதன் மேல் எதை மாட்டினாலும், குறை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனின் வண்டியில் இது நன்றாகத் தெரிந்தது. ஒற்றை சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் வண்டி, பேர் வேண்டாம். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், ஹை ஃப்ளோ ஏர் ஃபில்டர், இன்ஜெக்ஷனை ஏமாற்ற ஒரு பெட்டி, எல்லாம் மாட்டியிருந்தான். சத்தம் பிரமாதம். ஆனால் ஐடிலிங் ஏறுகிறது, இறங்குகிறது. 4,000-லிருந்து 5,000 வரை வண்டி இழுக்காமல் முழித்துக்கொண்டு நிற்கிறது, அதற்கப்புறம் திடீரென்று பாய்கிறது. பெட்டியின் எரிபொருள் மேப்பை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப்போய், நான் வழக்கமாகப் போகிற மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு வந்தான்.

"தம்பி, இந்த மூணையும் கழட்டி வெச்சுட்டு, கம்பெனி சாமானை மாட்டி எடுத்துட்டு வா."

"அண்ணா, அதுல பவர் கம்மியா இருக்குமே."

"இப்ப மட்டும் பவரா இருக்கு? பள்ளம்தானே இருக்கு. கழட்டு."

கழற்றி மாட்டினான். பள்ளம் போகவில்லை. பையன் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. அண்ணன் அசரவில்லை. வண்டியை ஐடிலிங்கில் விட்டார். கார்ப் கிளீனர் டப்பாவை எடுத்து, சூடான சைலன்சர் பக்கம் போகாமல், த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் இணைப்பைச் சுற்றி லேசாக ஒரு பீச்சு. ஆர்.பி.எம். குப்பென்று ஏறி இறங்கியது. இன்னொரு பீச்சு, மறுபடி ஏற்றம். டார்ச் அடித்துப் பார்த்தால், ரப்பர் ஒரு பக்கம் உதட்டில் உட்காரவில்லை, கிளாம்ப் கோணலாக முறுக்கப்பட்டிருக்கிறது. ஏர் ஃபில்டர் மாற்றும்போது யாரோ அதைத் தளர்த்தி அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த இடுக்கு வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய்க் கலவை லீன் ஆகியிருக்கிறது, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்திருக்கிறது. த்ராட்டில் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது உள்ளே உறிஞ்சல் அதிகம், அப்போது இந்தத் திருட்டுக் காற்றின் பங்கும் அதிகம். நன்றாகத் திறந்துவிட்டால் வருகிற காற்றோடு ஒப்பிட அது பொருட்டே இல்லை. அதனால்தான் கீழே பள்ளமும் மேலே பாய்ச்சலும். ரப்பரைச் சரியாக உட்கார வைத்து, கிளாம்பை இறுக்கி, இ.சி.யு.வுக்கு ஐடிலிங்கைப் புதிதாகக் கற்றுக்கொள்ள விட்டார். பெட்டியில் எத்தனை மேப் மாற்றினாலும் இது சரியாகியிருக்காது.

அண்ணனுடைய வரிசை எனக்கு மனப்பாடம். எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் வண்டியைக் கையால் தள்ளிப் பார்ப்பார். பிரேக் பேட் உரசுகிறதா, டயர் காற்று இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். மழையில் ஓடிக் கழுவாத காலிப்பரில் பிஸ்டன் திரும்பாமல் நின்று, டிஸ்க்கைக் கடித்துக்கொண்டே வருகிற வண்டியை "பவர் குறைஞ்சுடுச்சு" என்று கொண்டுவருகிறவர்கள் நிறைய. அடுத்தது செயின். ஸ்லோ ஸ்பீடில் ஜெர்க் அடிக்கிறது என்றால் இன்ஜெக்ஷனைச் சந்தேகப்படுவதற்கு முன் செயின் தொய்வையும் ஆக்சிலரேட்டர் கேபிளின் விளையாட்டையும் பார்க்க வேண்டும். ஓ.எம்.ஆர். நெரிசலில் இரண்டாவது கியரில் திறந்து மூடித் திறந்து மூடிப் போகும்போது, தொளதொளவென்று கிடக்கிற செயின் ஒவ்வொரு முறையும் முதலில் தொய்வை எடுத்துக்கொண்டு பிறகு சுண்டி இழுக்கும். கேபிளில் நாலைந்து மில்லிமீட்டர் தொய்வும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பிறகு கிளட்ச். ஆர்.பி.எம். ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டாப் கியரில் மிதமான வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்தால் முள் மட்டும் துள்ளும். தேய்ந்த பிளேட்டும் காரணமாகலாம், ஆயிலும் காரணமாகலாம். விலை குறைவு என்று கார் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. உராய்வைக் குறைக்கச் சில கார் ஆயில்களில் சேர்க்கிற சரக்கு கிளட்ச் பிளேட்டின் உராய்வையும் குறைத்துவிடும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வால்வு விஷயத்தில் நம் காதே நம்மை ஏமாற்றும். எஞ்சினில் டிக் டிக் என்று டேப்பட் சத்தம் கேட்டால் பதறிக்கொண்டு ஓடுகிறார்கள். அதிக ஆர்.பி.எம். ஓடுகிற எஞ்சின்களில் வால்வும் அது உட்காருகிற சீட்டும் தேயத் தேய டேப்பட் இடைவெளி பெரும்பாலும் குறைகிறது, சத்தமும் குறைகிறது. வண்டி ஒரு மாதிரி அமைதியாகிறது. வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் கசிகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, சூடானதும் ஐடிலிங்கில் நின்றுவிடுகிறது. இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய ஸ்போர்ட்ஸ் வண்டி இப்படி அமைதியாகிவிட்டால் நான் பயப்படுவேன். ஷிம் வைத்த எஞ்சின் என்றால் இதைத் திறந்து அளந்து சரிசெய்ய அரை நாள் பிடிக்கும், அதனால் சர்வீஸில் தட்டிக்கழிக்கிறவர்களும் உண்டு. அளவு எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் எரியப் பெட்ரோலை விடக் குறைந்த காற்று போதும். சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இந்தக் கலவைக்குச் சுமார் 13.5. ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்ஷன் வண்டி இதை மோப்பம் பிடித்துத் தானே கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக்கொள்ளும். ஆர்.எக்ஸ்.100 மாதிரி கார்புரேட்டர் வண்டிக்கு மூக்கும் இல்லை, மூளையும் இல்லை. பழைய ஜெட்டோடு அது லீனாகத்தான் ஓடும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பிளக் நிறம் பார்ப்பது நல்லது, டூ ஸ்ட்ரோக்கில் லீன் ஓட்டம் பிஸ்டனை ஜாம் ஆக்கிவிடும். இதோடு லிட்டருக்கு ஆறேழு சதவீதம் ஆற்றல் குறைவு, ஆகவே மைலேஜ் இறங்கியதற்கு மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைக்கிறவர்கள் டேங்க்கில் பழைய பெட்ரோலைத் தேக்கிவைக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்து, ஏர் ஃபில்டரும் பிளக்கும் மாற்றி, த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்த பிறகும் இன்னும் இழுவை வேண்டும் என்றால், நான் முதலில் கை வைப்பது பின் ஸ்ப்ராக்கெட்டில் அல்லது முன் ஸ்ப்ராக்கெட்டில். முன்னால் பதினான்கு பல் இருக்கிற வண்டியில் பதின்மூன்று போட்டால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகிற இழுவை கிட்டத்தட்ட எட்டு சதவீதம் கூடும். சில நூறு ரூபாய்ச் செலவு. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இதன் அருமை தெரியும். நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு ஆர்.பி.எம். ஏறி எரிச்சல் தரும் என்பதும் உண்மை. ஸ்பீடோமீட்டர் முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் அளவெடுக்கிற வண்டியாக இருந்தால் அதுவும் பொய் சொல்லும்.

சைலன்சர், ஃபில்டர், பெட்டி மூன்றும் அதற்குப் பிறகு. அதுவும் மூன்றையும் ஒரே நாளில் வேண்டாம். ஃப்ரீ ஃப்ளோ மட்டும் போட்டால் ஒரு ஒற்றை சிலிண்டர் வண்டியில் கிடைப்பது ஓரிரு பி.எஸ்., அதுவும் மேலே. கீழே இருந்த டார்க்கில் கொஞ்சம் போகவும் போகும். ஆக்சிலரேட்டரை விட்டதும் வெடிக்கிற அந்தப் படபடப்பு, ரேஸ் வண்டி ஆகிவிட்டதற்கான சான்றிதழ் என்று பலர் நினைக்கிறார்கள். எரியாத பெட்ரோல் சூடான குழாயில் போய், சைலன்சர் இணைப்பில் நுழைகிற காற்றோடு சேர்ந்து எரிகிறது, வேறொன்றுமில்லை. புது சைலன்சர் மாட்டியதும் ஆரம்பித்தது என்றால் முதலில் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

டைனோவுக்குப் போகிறவர்கள் பவர் கோட்டை மட்டும் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து பூஜை அறையில் மாட்டுகிற மாதிரி காட்டுகிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு கோடு கேட்டு வாங்குங்கள், காற்று-எரிபொருள் விகிதம். முழு த்ராட்டிலில் அது 13-ஐ ஒட்டி நேராகப் போக வேண்டும், பெட்ரோல் அளவுகோலில். இடையில் எங்காவது 14-ஐத் தாண்டி மேலே குத்துகிறதென்றால் அங்கே லீன், 12-க்குக் கீழே தொங்குகிறதென்றால் பெட்ரோல் வீண். பவர் கோட்டில் பள்ளம் விழுகிற அதே ஆர்.பி.எம்.மில் இந்தக் கோடும் விலகினால் மேப்பில் வேலை இருக்கிறது, டியூனரிடம் காசு கொடுக்கலாம். இந்தக் கோடு நேராக இருந்தும் பவர் பள்ளம் விழுகிறதென்றால் அது சைலன்சர் நீளம், கேம் அமைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். அங்கே பெட்டியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, பழைய சைலன்சரைப் பரணிலிருந்து இறக்க வேண்டியதுதான்.